மூன்றாவது டப்பா

தம்மாமிலிருந்து வந்த கொழுந்தன் இதாயத்து
பெட்டியைப் பிரித்தபோது
கோடாலித் தைலம் மாமியாருக்கு,
புலிப் போர்வை நாத்தனாருக்கு,
சென்ட் பாட்டில் பார்க்கும்முன்னே யாருக்கோ.
எனக்கு விழுந்தது
ஆறு டப்பா பால்பவுடர்.

பரணில் ஏற்றினேன்,
அரிசி மூட்டைக்கும் ஓடாத ஃபேனுக்கும் நடுவில்.
அடியில் தேதி அரபியில் இருந்தது.
ஓதத் தெரிந்த எனக்கே
எந்த வருசம் என்று பிடிபட நேரமானது.
மகளின் ஸ்கெட்ச்சை வாங்கி
மூடிமேல் பெரிதாக எழுதிவைத்தேன்.

முதல் டப்பா பாடம் படிக்கவே தீர்ந்தது.
கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால்
உருண்டை உருண்டையாய் மிதக்கும்.
முதலில் ஆறின தண்ணீர், இரண்டே கரண்டி.
சந்தனம்போல் குழைத்து,
கோபம் இறங்கியவரிடம் பேச்சுக்கொடுப்பதுபோல
கொஞ்சங் கொஞ்சமாகத்தான் சூடு.

போர் தண்ணீர் ஆகாது. உப்பு.
ஓரத்தில் திரிந்துகொண்டு நிற்கும்.
கேன் தண்ணீர் முப்பத்தைந்து ரூபாய்.
"ஓசிப் பாலுக்கு இம்புட்டுச் செலவா?"
சிம்மக்கல்லில் மிக்சி ரிப்பேர் பார்க்கிறவர்
திருகாணிக்கும் கணக்கு வைப்பவர்
கேட்டார்.
நான் டீயை நீட்டினேன்.

இரண்டாவது டப்பாவில் கை பழகிவிட்டது.
முந்திரி இல்லாத நாள் சால்னாவில் ஒரு கரண்டி.
பால் இல்லாத ராத்திரி சேமியாவில் நாலு.
மகள் வெறும் வாயில் போட்டு
மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு
பேசமுடியாமல் நிற்பது தனிக்கணக்கு.

தயிர்தான் மசியவில்லை.
எதிர்வீட்டில் மூன்று தடவை உறைமோர் வாங்கி
மூன்று தடவையும் தண்ணீராய் நின்றது.
நாலாவது தடவை
பவுடர் ஒரு கை கூட்டி,
சுண்டுவிரல் பொறுக்கிற சூட்டில் உறை ஊற்றி,
கிண்ணத்தை அரிசிக்குள் புதைத்தேன்.
விடியலில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன்.
அசையவில்லை.
யாரையும் எழுப்பவில்லை நான்.
ஒரு கரண்டி வெட்டி
நின்றவாக்கில் தின்றேன்.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று
கோரிப்பாளையத்தில் எங்கள் தெருவாயிலில்
மூங்கில் கட்டிவிட்டார்கள்.
பால்வண்டி உள்ளே வரவில்லை.
கடையில் நாலு மணிக்கே பாக்கெட் காலி.
ஆற்றுப் பக்கமிருந்து மைக்
தொலைந்த பிள்ளைகளின் பெயரை
சட்டை நிறத்தோடு வாசித்துக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்குக் கதவைத் தட்டியது காக்கி.
"அக்கா, பாத்ரூம் போய்க்கிறவா?
நேத்து ராத்திரியில இருந்து நிக்கிறேன்."
சட்டையில் ஒச்சம்மாள் என்று இருந்தது.
ஊர் கருமாத்தூர் என்றாள், கேட்காமலே.

அவள் முகம் கழுவி வருவதற்குள்
மூன்றாவது டப்பாவை இறக்கினேன்.
கரண்டிக் காம்பால் தகட்டைக் குத்தினேன்.
அவர் அடுப்படி வாசலில் நின்று
வேண்டாம் என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.
போலீசுக்குப் பவுடர் டீயா என்று அவருக்குப் பயம்.

பூட்சை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு
தரையில் உட்கார்ந்து குடித்தாள்.
பாதித் தம்ளரில் நிமிர்ந்தாள்.
"பாக்கெட் இல்லையே இது.
எங்க வீட்ல ரெண்டு மாடு நிக்குது,
கறந்த பாலு எனக்குத் தெரியாதா?
யாருகிட்டக்கா ஊத்துறீங்க?"

டப்பாவில் ஒரு மாடு உண்டு.
கொம்பில்லாதது. பச்சைப் புல்லில் நிற்கும்.
எந்தத் தேசமோ.
"தெரிஞ்சவங்ககிட்டதான்" என்றேன்.
அவருக்குப் புரையேறியது.

அரைமணியில் நாலு காக்கி வந்தது.
"இங்க கறந்த பால் டீ..."
மத்தியானத்துக்குள்
மூன்றாவது டப்பாவின் அடித்தகரம்
கரண்டியில் இடித்தது.

ராத்திரி இதாயத்து பேசினான்.
இந்த வருசம் கம்பெனி லீவு தராதாம்.
"பவுடர் கெடக்கா மதினி?"
"மூணு கெடக்கு. உன் மாட்டுக்கு இங்க நல்ல பேரு"
என்று ஒச்சம்மாள் கதையைச் சொன்னேன்.
மூச்சுமுட்டச் சிரித்தான்.
"நீ என்னடா, டீ குடிச்சியா?"

சுலைமானிதானாம்.
ரூமில் பால் வாங்குவது
கட்டுப்படியாகாதாம்.